விருதுக்குப் பின்னால் ஒரு பேரேடு



சென்ற பொதுக்குழுவுக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊராட்சி ஊழியர்களுக்கு நம் வளாகத்தில் ஒரு பாராட்டு விழா வைக்கலாம் என்று செயலாளர் சொன்னார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு நண்பர் எழுந்தார். "வீட்டு வரி கட்டறோம், மெயின்டனன்ஸும் கட்டறோம். அவங்க வேலையை அவங்க செய்யறாங்க. அதுக்கு எதுக்கு சால்வை?" அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. பேச்சு லிப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, கணக்கில் ஒரு எழுத்து விடுபட்டால் தூக்கம் வராது. அதனால் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்ட நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நியாயமான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

நம் ஊர் விருதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2022 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் நடந்த சுதந்திர தின விழாவில், தமிழ்நாட்டின் சிறந்த மாநகராட்சி என்ற விருதைச் சேலத்துக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வழங்கினார். பரிசுத் தொகை 25 லட்சம் ரூபாய். நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவிலும் கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன.

மறுநாளோ அதற்கு மறுநாளோ காலையில், கேட்டுக்கு வெளியே குப்பை வண்டியோடு வந்த தூய்மைக் காவலர் அம்மாவிடம் கேட்டேன்.

"சேலத்துக்கு விருது கொடுத்தாங்களே, பாத்தீங்களாம்மா?"

"டிவியில பாத்தேன் சார். ஆனா அது கார்ப்பரேசன். நாங்க பஞ்சாயத்து. எங்களுது வேற ஆபீஸ்."

அடிவாரத்தில் இருக்கும் நமக்கு இந்த எல்லைக் குழப்பம் புதிதில்லை. மாநகராட்சி, கன்னங்குறிச்சி பேரூராட்சி, கிராம ஊராட்சிகள் மூன்றும் சில கிலோமீட்டருக்குள் வந்துவிடுகின்றன. பஸ்ஸில் போனால் எது எங்கே முடிகிறது என்று கண்டக்டருக்கே தெரியாது. கைதட்டிய நம்மில் பாதிப் பேர் அந்த விருதுக்கு உரிய எல்லைக்குள் இல்லை என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. அந்த அம்மா வண்டியைத் திருப்பும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க பிளாக்குல யாரோ உடைஞ்ச கண்ணாடியை சோத்துக் குப்பையோட கட்டிப் போடறாங்க சார். கொஞ்சம் சொல்லுங்க." ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

இனி கொஞ்சம் பழைய கதை. சேலம் நகராட்சி அமைந்தது 1866இல். மாநகராட்சியானது 1994இல். இடையே கிடக்கும் 128 வருடங்களில், ஊழியர் ஒருவரை மையமாக வைத்து ஊரே இரண்டுபட்ட ஒரு சம்பவம் உண்டு. 1917இல் சேலம் நகராட்சித் தலைவராகப் பொறுப்பேற்றவர் இராஜாஜி. அப்போது இங்கே பிரபல வக்கீல். அவர் காலத்தில் அக்ரஹாரத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்து மூடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டார். தெருவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இராஜாஜி அசைந்து கொடுக்கவில்லை. 1919இல் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, பிறகு நாட்டின் கவர்னர் ஜெனரல் வரை உயர்ந்தது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குழாயைத் திருப்பிய மனிதர் என்ன ஆனார்? அவர் பெயர் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. முறைக்கும் கண்களுக்கு நடுவே காலையில் தெருவுக்குள் நுழைந்து, தண்ணீர் திறந்து, மாலையில் மறுபடி வந்து மூடியவர் அவர். உறுதியாக நின்றது தலைவர் என்றால், தினமும் நடந்து போனது அந்த ஊழியர். அன்றைக்கு விருது என்று ஒன்று இருந்திருந்தால் அது யார் கைக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பேச எனக்கே அவ்வளவு தகுதி கிடையாது. நான் இருந்த கிளைக்கு ஒரு வருடம் டெபாசிட் திரட்டியதற்காக ரோலிங் ஷீல்டு கிடைத்தது. மண்டல அலுவலகத்திலிருந்து வந்து கொடுத்தார்கள். மேனேஜர், ஆபீசர்கள், குமாஸ்தாக்கள் என்று வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதில் எங்கள் தஃப்தரி இல்லை. காலை எட்டரைக்கே வந்து, பழைய லெட்ஜர்களைத் தூக்கி அடுக்கி, கேஷ் பெட்டியோடு கூடவே நடந்தவர். அவர் எங்கே என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. படம் எடுப்பவருக்கு வெளிச்சம் போதாமல் ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான்.

அந்த ஷீல்டைப் பற்றி இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். மார்ச் 31 அன்று மாலைக்குள் தெரிந்தவர்கள், வியாபாரிகள் என்று கையைக் காலைப் பிடித்துப் பெரிய தொகைகளை டெபாசிட்டாக வாங்குவோம். ஏப்ரல் முதல் வாரத்தில் அது வந்த வழியே போய்விடும். ஷீல்டு அந்த ஒரு நாள் பாக்கிக்குக் கிடைப்பது. கிளை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வருடம் முழுவதற்குமான சராசரியைப் பார்க்க வேண்டும்.

உள்ளாட்சி விருதுகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தை அறவே ஒழித்த ஊராட்சிகளுக்கு 'நிர்மல் கிராம புரஸ்கார்' என்ற விருதை மத்திய அரசு 2003இல் அறிவித்தது. முதல் விருதுகள் 2005 பிப்ரவரியில் கொடுக்கப்பட்டன. நாடு முழுவதிலும் 40 அமைப்புகள்தான் தேறின. தமிழ்நாட்டு ஊராட்சிகளும் அதில் இருந்தன. டெல்லியில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கையால் பெறும் விருது. ஊர் கொண்டாடாமல் இருக்குமா? அடுத்த ஆண்டு விருது பெற்றவை எழுநூறைத் தாண்டின. 2007இல் நான்காயிரத்துக்கு மேல். 2008இல் 12,000க்கு மேல். மூன்றே வருடத்தில் 40 எங்கே, 12,000 எங்கே! எந்தக் கிளை மேனேஜர் இப்படி ஒரு வளர்ச்சியைக் காட்டினாலும் ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்தும் விட்டார்கள். 2008இல் நடந்த ஓர் ஆய்வில் விருது வாங்கிய 162 ஊராட்சிகளைப் போய்ப் பார்த்தார்கள். திறந்தவெளி வழக்கம் முழுக்க நின்றிருந்தவை ஆறே ஆறு. கழிப்பறை இருந்தது. தண்ணீர் இல்லை, கதவு இல்லை, சில இடங்களில் விறகு அடுக்கியிருந்தார்கள். மார்ச் 31 டெபாசிட்.

இதனால் விருதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆறு ஊராட்சிகளும் அதே விருதைத்தான் வாங்கியிருந்தன. விருதைக் கேள்விப்பட்டால் அதற்கடியில் இருக்கும் பேரேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன். அப்படிப் புரட்டத் தகுந்த ஓர் ஊராட்சி ஒன்றைக் காட்டுகிறேன். அதுவும் நம்மைப்போல ஒரு மலையடிவாரத்து ஊர்தான். நமக்குச் சேர்வராயன், அவர்களுக்கு நீலகிரி.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்தில் இருக்கிறது ஓடந்துறை. 1996இல், புதிய ஊராட்சிச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலில் ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். பத்து வருடம் இருந்தார். முதலில் பிடித்தது குடிநீர்ப் பிரச்சினையை. பக்கத்தில் பவானி ஓடினாலும் நல்ல தண்ணீர் வீட்டுக்கு வரவில்லை. 1999இல் ஆற்று நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. ஊர் மகிழ்ந்தது. அப்புறம் கரண்ட் பில் வந்தது. சில ஆயிரம் ரூபாயாக இருந்த மாதக் கட்டணம், மோட்டார்களும் தெருவிளக்குகளும் கூடக் கூட, ஐம்பதாயிரம் அளவுக்கு ஏறிவிட்டது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான நல்ல திட்டங்கள் படுத்துவிடும். நம் வளாகத்துச் சூரிய வாட்டர் ஹீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்று இனிப்பு கொடுத்தோம். பராமரிப்புக்கு யார் என்று கேட்டதும் எல்லோரும் செருப்பைத் தேடினோம். ஓடந்துறையில் அப்படி விடவில்லை. தெருவிளக்குகளில் ஒரு பகுதியைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றினார்கள். 2003இல் மரத்தூள், விறகுக் கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை நிறுவி, தண்ணீர் இறைக்கும் மோட்டாரை அதில் ஓட்டினார்கள். இறைக்கும் செலவு பாதிக்கும் கீழே போனது. அதற்குள் மரக் கழிவின் விலை ஏறத் தொடங்கிவிட்டது. வேறு வழி பார்த்தார்கள்.

2006இல் செய்ததுதான் என்னைப் போன்ற வங்கிக்காரனை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பது. 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

படித்துவிட்டு நான் முதலில் போட்ட கணக்கு, சொந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்பது. ஏறக்குறைய 26. நல்ல மார்ஜின். நாங்கள் இருந்த சீட்டில் ஓர் ஊராட்சித் தலைவர் வந்து உட்கார்ந்து, ஒரு கோடி ரூபாய் கடன் வேண்டும் என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? "உட்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றிருப்போம். அடமானம் என்ன, திருப்பிக் கட்டுவது யார், அடுத்த தேர்தலில் நீங்கள் தோற்றால் கடன் யார் பெயரில் நிற்கும் என்று கேட்டு, மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்போம். ஓடந்துறைக்குக் கடன் கிடைத்தது. காரணம் அந்த 40 லட்சம் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஒழுங்காக வசூலாகாத ஊரில் அப்படியொரு தொகை சேராது. வசூல் தலைவர் மேடையில் பேசி ஆவதில்லை. வீடு வீடாகப் போய், பூட்டியிருந்தால் மறுநாளும் போய், ரசீது கிழித்துக் கொடுப்பவரால் ஆவது. குடிநீர்க் கட்டணத்தை ஜனங்கள் முகம் சுளிக்காமல் கட்ட வேண்டுமென்றால், சொன்ன நேரத்துக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப ஓர் ஆள் இருந்தாக வேண்டும். காற்றாலைக்கான மார்ஜின் பணம் அப்படித்தான், பத்தும் இருபதுமாக, சேர்ந்திருக்கும்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம்தான் வலுவாக வீசுகிறது. அங்கே உற்பத்தியாவது மின்வாரியத்தின் கம்பியில் சேர்ந்துவிடும். ஊராட்சியின் உபயோகத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வாரியம் பணம் தரும். ஆண்டு உற்பத்தி 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். ஊர் உபயோகித்தது போக இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். மொத்தமாக ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் ரூபாய் பலன் என்று கணக்குச் சொன்னார்கள். அதிலிருந்தே கடன் தவணை போனது. கரண்ட் பில் கட்ட முடியாமல் திண்டாடிய ஊராட்சி, மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது.

விருதுகளும் வெளிநாட்டு மாணவர்களும் உலக வங்கி அதிகாரிகளும் ஓடந்துறையைத் தேடி வந்தது எல்லாம் இதற்கப்புறம். 2006 தேர்தலில் சண்முகத்தின் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். ஆள் மாறினாலும் கடனைக் கட்டுவதும் காற்றாலையைக் கவனிப்பதும் நிற்கவில்லை. என் கணக்கில் சராசரி பாக்கி என்பது இதுதான்.

நல்ல வேலை செய்தால் விருதுதான் முதலில் வரும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கத்தில், அதே 1996இல் தலைவரானவர் ரெங்கசாமி இளங்கோ. கெமிக்கல் இன்ஜினீயர், நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். பக்கத்துத் தொழிற்சாலைகள் கொட்டிய கிரானைட் துண்டுகளை வைத்து, எஸ்டிமேட்டைவிடக் குறைந்த செலவில் சாக்கடை கட்டினார். அவருக்கு முதலில் வந்தது பாராட்டுக் கடிதமில்லை, சஸ்பென்ஷன் உத்தரவு. அனுமதித்த முறையில் கட்டவில்லையாம். கிராம சபை கூடியது. கணக்கை ஜனங்கள் முன்னாலேயே வைத்தார்கள். ஊர் அவர் பக்கம் நின்றது, உத்தரவு திரும்பிப் போனது. ஒதுக்கப்பட்ட மக்களும் மற்றவர்களும் ஒட்டி ஒட்டி வாழும் இரட்டை வீடுகளை அதே ஊரில் அவர் கட்டியதும், நாடு முழுக்கப் பெயர் வந்ததும் பின்னால் நடந்தவை.

கணக்கை ஜனங்கள் முன் வைப்பது நமக்கு வெளியூர்ச் சரக்கும் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவரது நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை நம் அசோசியேஷன் பைலாவில் சேர்த்தால் அடுத்த வருடம் பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்திகள்.

சரி, இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வரி கட்டுகிறோம், வேலை செய்கிறார்கள், சால்வை எதற்கு? சால்வை வேண்டாம் என்பதில் நானும் அவர் கட்சி. சால்வை பெரும்பாலும் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் 'அவங்க வேலையை அவங்க செய்யறாங்க' என்பதோடு கணக்கை மூட முடியாது. அந்தப் பேரேட்டில் நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. 5,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள குடியிருப்பு வளாகங்கள் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. நாம் வாங்கிய பச்சைத் தொட்டி ஜெனரேட்டர் அறையில் கவிழ்ந்து கிடக்கிறது. நம் மலையடிவாரத்துச் செட்டிச்சாவடிக்கு நகரத்துக் குப்பை பல வருடமாக வந்து குவிவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். அந்தக் குவியலின் சின்ன மாடல் ஒன்று நம் பி பிளாக் பின்னாலேயே இருக்கிறது. உடைந்த கண்ணாடி வந்ததும் அங்கிருந்துதான்.

தமிழ்நாட்டில் நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 2022 முதல் அன்றும் கிராம சபை கூடுகிறது. சிறப்பாக வேலை செய்த ஊழியர்களையும் சுய உதவிக் குழுக்களையும் அங்கே கௌரவிப்பது நிகழ்ச்சியில் ஒன்று. நாம் ஊராட்சி எல்லைக்குள் இருப்பதால், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் தர வேண்டியதில்லை. நான் விசாரித்தவரை, நம் வளாகத்திலிருந்து இதுவரை ஒருவர்கூடப் போனதில்லை. நானும் போனதில்லை.

ஆகவே செயலாளரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். இங்கே தனியாக மேடை போட வேண்டாம். நவம்பர் 1 அன்று பத்துப் பேராவது கிராம சபைக்குப் போவோம். நமக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர், குப்பை எடுப்பவர்கள், தெருவிளக்கு பார்ப்பவர், வரி வசூலுக்கு வருபவர் ஆகியோரின் பெயர்களை எழுதி எடுத்துப்போய், கௌரவிக்கும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். வரவு செலவையும் அங்கேயே படிப்பார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவோம். பின்வரிசை நண்பர் கேள்வி கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அவரைக் கட்டாயம் அழைத்துப்போக வேண்டும்.

பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நாலு வருடமாகத் தினமும் கேட்டில் பார்த்துப் பேசும் அந்தத் தூய்மைக் காவலர் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை போய்க் கேட்டு எழுதிக்கொண்டேன். தண்ணீர் திறந்துவிடுபவரின் பெயரும், ஏ பிளாக் பக்கம் வரும் இன்னொரு காவலரின் பெயரும் இன்னும் கிடைக்கவில்லை. வாட்ச்மேன் மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் அக்டோபர் 25க்குள் எழுதிவையுங்கள். கிராம சபைக்கு வருபவர்கள் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிளாட் நம்பரைக் குறித்துவிடுங்கள். ஆட்டோ சொல்ல வசதியாக இருக்கும்.